நிலுவை கேட்டு மெயில் போட்டால் பதிலே இல்லை, எப்பிடி எழுதலாம்?

கேள்வி: கொழும்பு புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்குச் சரக்குக் குடுக்கிறம். நிலுவைக்கு மெயில் போட்டால் ஒருத்தரும் பதில் போடுறதில்லை.

பதில் 1: சப்ஜெக்ட்டில வெறும் 'நினைவூட்டல்' எண்டால் திறக்கமாட்டினம். 'இன்வொய்ஸ் 1182, ரூ. 86,500, 14ஆம் திகதிக்கு முன்' எண்டு போடுங்கோ. ஃபோன் திரையில அவ்வளவுதான் தெரியும். சுகம் விசாரிக்கிறதெல்லாம் கடைசியில.

பதில் 2: 'விரைவில் செலுத்தவும்' சரிவராது, திகதி வேணும். இன்வொய்ஸைத் திரும்ப இணைச்சு, வங்கிக் கணக்கு இலக்கத்தையும் மெயிலுக்குள்ளேயே எழுதுங்கோ. பழைய மெயிலைத் தேடச் சொன்னால் அதோட கதை முடிஞ்சுது.

பதில் 3: கடை முதலாளிக்கு சிசி (மெயிலின்ர நகல்) போடுறதை இரண்டாவது நினைவூட்டலுக்கு வைச்சிருங்கோ, முதலிலேயே போட்டால் கணக்கு பார்க்கிறவர் முறைச்சுக்கொண்டு இன்னும் இழுப்பார். அவர் சிங்களம் வாசிக்கிறவரெண்டால் தொகை, திகதி சிங்களத்திலயும் ஒரு வரி.

கேட்டவர்: கணக்கு இலக்கம் போடவேயில்லை! மாத்திறன்.