கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது, விசாவுக்கு ஆபத்தா?

புதுவரவு: அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். எச்-1பி விசாவில் நியூஜெர்சி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இன்று தபாலில் பதினொரு பக்கக் கடிதம். மேலே பெடரல் கோர்ட் பெயர், அப்புறம் கம்பெனி பெயர், நான் 'கிளாஸ்' உறுப்பினராம். நான் யார் மேலும் கேஸ் போடவில்லை! குப்பையில் போடு என்கிறாள் மனைவி. கம்பெனி விசாவில் கை வைத்தால்?

டல்லாஸ்வாசி: முதலில் 401கே-யில் (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஓய்வூதியக் கணக்கு) பணம் போடுவதை நிறுத்துங்கள் தம்பி. ஊருக்குத் திரும்பும்போது எடுத்தால் 10% அபராதம், வரி தனி.

மிச்சிகன் அக்கா: நாம் போடுவதற்கு ஈடாகக் கம்பெனி தருகிற மேட்சை யாராவது விடுவார்களா? நான் 2009 ஜனவரியில் வந்தேன். கான்வாஸ் ஷூவோடு பனியில் பஸ்ஸுக்கு நின்றவள். இதையெல்லாம் சொல்லித்தர ஓர் ஆள் கிடையாது.

டல்லாஸ்வாசி: பனியைப் பற்றி யார் கேட்டார்கள் அக்கா?

சலித்தவன்: எல்லாம் வக்கீல்கள் பிழைப்பு. பங்கு வாங்கி நஷ்டப்பட்டவர்களின் ஷேர் கேஸ் ஒன்றுக்குப் படிவம் நிரப்பவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வந்த செக் நாலு டாலர் பதினேழு சென்ட்.

எடிசன்காரர்: தம்பி கேட்டதற்கு வருவோம். உங்கள் மேல் கேஸ் இல்லை, வக்கீலும் வேண்டாம். முதல் பக்கத்தில் 'எரிசா' (ERISA) என்று இருக்கிறதா? 1974-ல் வந்த அந்தச் சட்டம்தான் ஓய்வூதியத் திட்டங்களுக்குக் காவல். கட்டணம் அதிகம், ஃபண்ட் மோசம் என்று ஊழியர்கள் சிலர் எல்லோருக்குமாகப் போடும் கேஸ் அது; அந்த எல்லோரும்தான் 'கிளாஸ்'. ஊழியர் தேர்ந்தெடுக்கும் முதலீட்டுப் பட்டியலில் நல்ல ஃபண்டும் இருந்ததே என்று திட்டத்தை நடத்துபவர்கள் சொல்லி மட்டும் தப்ப முடியாது என்று 2022-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 2025 ஏப்ரலில் கார்னெல் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இத்தகைய வழக்கில் ஒரு வகையை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்வதைக் கடினமாக்கினார்கள்.

எரிசா சமரசத்தில் 'நான் இதில் இல்லை' என்று பெரும்பாலும் விலக முடியாது. திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பணம் வழக்கமாக 401கே கணக்கிலேயே ஏறும். ஷேர் கேஸ் என்றால் வேறு: விலகலாம், ஆனால் படிவம் அனுப்பாவிட்டால் காசு இல்லை. விசா பயத்துக்கு வருவோம்: உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு எடுப்பதையும் எரிசா தடுக்கிறது. பணம் கட்டச் சொன்னால் அது மோசடி.

புதுவரவு: எரிசாதான் அண்ணா. சொல்ல மறந்துவிட்டேன், அந்தக் கம்பெனியை விட்டு மூன்று வாரம் ஆகிறது. வீடும் மாறுகிறோம்.

எடிசன்காரர்: அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! கம்பெனியை விட்டு விலகியவர்களுக்குத் தனிப் படிவம் இருக்கலாம், கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். கெடு தேதியைக் குறித்துவிட்டு, புது முகவரியை இன்றே கடிதம் அனுப்பியவர்களுக்கு எழுதுங்கள்.