புதுப்பிப்பு: பேக்கிங் பாத்திரம் வாங்கியாயிற்று

ஓடிஜி என்னும் சிறு மின்சார பேக்கிங் அடுப்புக்கு மெல்லிய பீங்கான் பாத்திரமா, கனமான ஸ்டோன்வேரா (அதிகச் சூட்டில் சுட்ட கெட்டியான மண்பாத்திரம்) என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் செய்த ஸ்டோன்வேர் பாத்திரம் ஒன்றை வாங்கிவிட்டேன்.

கடையில் கைகொடுத்தது உங்களில் ஒருவர் சொன்ன சோதனைதான். பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் மெருகு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) பூசாத வளையம் தெரியும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். பளபளவென்றிருந்த நீலப் பாத்திரம் அதைக் குடித்துக் கருத்தது. பக்கத்திலிருந்த சாம்பல் நிறப் பாத்திரத்தில் சொட்டு அப்படியே நின்றது. ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது மண் இறுகிவிடுகிறது. குறைந்த சூட்டில் சுட்டதில் ஈரம் ஏறும், மண் சற்றே பருக்கும், மெருகு பருக்காது; மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்குகிறது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும் ஸ்டோன்வேர் வகைதான்!

‘ஸ்டோன்வேர் எந்தச் சூட்டுக்கும் அசையாது’ என்றவரோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு கெட்டியானாலும் திடீர்ச் சூடும் குளிரும் அதற்கு ஆகாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை நேராகச் சூடான அடுப்புக்குள் தள்ளுவதில்லை. இறக்கியதும் ஈரமான மேடையில் வைக்காமல் மரப்பலகையில் வைக்கிறேன். கேஸ் அடுப்புப் பக்கமே கொண்டுபோவதில்லை.

பிரெட் புட்டிங் வேக அலுமினியத் தட்டைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது, ஆனால் ஓரம் கருகுவதில்லை. மூடி பற்றிக் கேட்டவருக்கு: கடையில் இருந்தது, விலையைக் கேட்டதும் திருப்பி வைத்துவிட்டேன்.