45 மி.மீ. தோட்ட ரயிலுக்கு மலிவான மனிதப் பொம்மைகள்: 1:25 வாங்கலாமா, 1:30 வாங்கலாமா?

குன்னூர்_மீட்டர்கேஜ்:
வணக்கம். நீலகிரி மலை ரயிலின் ஹில்குரோவ் நிலையத்தை 45 மி.மீ. அகலப் பாதையில், 1:22.5 அளவில் (அதாவது அசலில் 22.5-இல் ஒரு பங்காக) தோட்டத்தில் அமைக்கிறேன். பெட்டிகளும் பிளாட்பாரமும் தயார், ஆட்கள்தான் இல்லை. ப்ரைசர் என்ற ஜெர்மன் கம்பெனியின் பொம்மைகள் நேர்த்தியானவை. ஆனால் பிளாட்பாரத்தை நிரப்பும் அளவுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. பெயின்ட் அடித்த சீனப் பொம்மைகள் ஆன்லைனில் மொத்தமாகக் கிடைக்கின்றன. சிலவற்றில் 1:25, சிலவற்றில் 1:30 என்று போட்டிருக்கிறது. எது பொருந்தும்? வெயில், மழைக்குத் தாங்குமா? புடவை, வேட்டிக்கு என்ன வழி?

தண்டவாளம்45:
ஸ்கேல் எண்ணை நம்பி வாங்காதீங்க, உயரத்தை மி.மீ.ல கேளுங்க. ஒரே எண் போட்ட ரெண்டு பாக்கெட் ரெண்டு உயரத்துல வரும். கணக்கு சுலபம்: பொம்மையின் உயரத்தை 22.5 ஆல பெருக்குங்க. 75 மி.மீ. பொம்மை கிட்டத்தட்ட 169 செ.மீ. ஆள். 70 மி.மீ.ன்னா 157 செ.மீ. சரியான 1:30 பொம்மை 57 மி.மீ. இருக்கும், அது 128 செ.மீ., அதாவது ஆரம்பப் பள்ளிப் பிள்ளையோட உயரம். பெட்டிக் கதவுப் பக்கத்துல நிறுத்தினா உடனே கண்ணை உறுத்தும். நம்ம ஊர் ஆட்களுக்கு 66 முதல் 74 வரை சரியா இருக்கும், அதனால 1:25 தாராளமா போதும். அளக்கும்போது பீடத்தையும் தொப்பியையும் விட்டுடுங்க.

100 பொம்மைப் பாக்கெட் வேண்டாம். ஒரே அச்சில் வார்த்த ஆட்களே திரும்பத் திரும்ப வருவாங்க. மலை நிலையத்துக்கு 15, 20 பேர் போதும், அதையும் ரெண்டு மூணு பேரா சேர்த்து நிறுத்துங்க. ஒரே அச்சு ரெண்டு வந்தா, மெல்லிய ரம்பத்தால கழுத்தை அறுத்து, உள்ளே 0.8 மி.மீ. கம்பி வச்சு, தலையைக் கொஞ்சம் திருப்பி ஒட்டுங்க. அந்தச் சின்னத் திருப்பத்துலயே ஆள் மாறிடுவார். பெட்டிக்குள்ள உட்காருறவங்களுக்கு ஜன்னலுக்குக் கீழே எதுவும் தெரியாது. முழங்காலோட வெட்டிடுங்க, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 38, 40 மி.மீ. இருந்தால் போதும்.

பித்தளைக்கம்பி:
தாங்குமா என்பது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் மென்மையான பி.வி.சி. அதன் மேல் ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் மேலே கசிந்து, பல வாரம் கழித்தும் பெயின்ட் பிசுபிசுவென்றே இருக்கும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கைத் தூரிகையால் இரண்டு கை பூசுங்கள். எதை அடிப்பதாக இருந்தாலும் ஒரு பொம்மையின் பாதத்தில் மட்டும் பூசி இரண்டு நாள் பாருங்கள். பூசுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, ஒரு நாள் உலரவிட வேண்டும். அச்சு எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் தோலாக உரியும்.

வேட்டிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், வெயிலில் பளிச்சென்று அடித்து மடிப்பெல்லாம் மறைந்துவிடும். துளி சாம்பல் கலந்த வெள்ளை பூசி, மடிப்புகளில் நீர்த்த பழுப்பை ஓடவிடுங்கள். கடைசியில் புற ஊதாக் கதிர் தடுக்கும் மேட் வார்னிஷ். மழை ஈரம் இருக்கும் நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்.

நிறுத்துவதற்குப் பாதத்தில் 1.2 மி.மீ. துளை, காலுக்குள் 10 மி.மீ. ஆழம். 1 மி.மீ. பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் கம்பியை எபாக்ஸியால் ஒட்டி, 25 மி.மீ. வெளியே விடுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம். துரு ஏறி உப்பினால் கால் பிளந்துவிடும். சூப்பர் குளூ வெளியில் மொறுமொறுத்து விட்டுவிடும். பிளாட்பாரத் துளையில் கம்பியை ஒட்டாமல் செருகினால் மழைக்கு முன் பொம்மைகளை எடுத்து வைக்கலாம்.

கொலுப்படி:
3 அங்குலக் கொலு பொம்மை 76 மி.மீ.; பீடத்தைக் கழித்தால் கிட்டத்தட்ட உங்கள் அளவுதான். செட்டியார் கடை, சந்தை செட் எல்லாம் அப்படியே பொருந்தும். நவராத்திரி முடிந்ததும் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் மிச்சப்பட்டதைப் பேரம் பேசி வாங்கலாம். தலை கொஞ்சம் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்துப் பொறுக்குங்கள். ஆனால் காகிதக்கூழ் பொம்மை ஒரே மழையில் ஊறிவிடும், சுட்ட மண்ணின் வண்ணமும் கரையும். ஆட்கள் வந்து பார்க்கும் நாளில் மட்டும் வெளியே வையுங்கள்.

நிரந்தரமாக வைப்பதற்கு, பாவாடையோ நீளக் கோட்டோ போட்ட பிளாஸ்டிக் பெண் பொம்மைக்கு எம்-சீலில் (இரண்டு பகுதிகளைக் கலந்து பிசையும் எபாக்ஸி மாவில்) புடவை கட்டுங்கள். சீக்கிரம் இறுகும், அதனால் ஒரு தடவைக்குச் சுண்டைக்காய் அளவுதான் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளில் டால்கம் பவுடர் தூவி, அரை மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். முதலில் பாவாடையைக் கணுக்கால் வரை இறக்கி, முன்னால் ஈரப் பல்குத்தியால் ஐந்தாறு கொசுவக் கோடுகள். பிறகு 12 மி.மீ. அகலப் பட்டையை வலது இடுப்பிலிருந்து மார்பைக் குறுக்காக ஏற்றி, இடது தோளில் போட்டு, முதுகில் 35 மி.மீ. தொங்கவிட்டால் முந்தானை. டிஷ்யூ பேப்பரும் வெள்ளைப் பசையும் வீட்டுக்குள் வைக்கும் பொம்மைக்குத்தான் சரி, ஈரம் பட்டால் இளகும்.

குன்னூர்_மீட்டர்கேஜ்:
நன்றி. கையிருப்பு 1:30 பொம்மைகள் சில இருக்கின்றன. தூக்கிப் போடவா? அடுத்து, வண்டியில் முதலில் யாரை ஏற்றலாம்?

தண்டவாளம்45:
போடாதீங்க. பிளாட்பாரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால, சரிவுல தேயிலைச் செடிகளுக்கு நடுவுல இடுப்பளவு புதைச்சு நடுங்க. தூரத்துல நிக்கிற மாதிரி தெரியும். பெரியவங்க பக்கத்துல மட்டும் வராம பார்த்துக்கங்க.

முதல் ஆள் பிரேக்ஸ்மேன். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளுது, முன் பெட்டியின் முகப்பில் கொடியோட இருக்கிற பிரேக்ஸ்மேன்தான் பாதையைப் பார்க்கிறார். அவர் இல்லாம வண்டி ஏறினா மலை ரயில் தெரிஞ்சவங்க உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. கொடிக்கு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியும், ஹோட்டல் பார்சல் அலுமினிய டப்பாவின் தகடும். 20 மி.மீ. சதுரமா வெட்டி, பென்சில்ல லேசா உருட்டி அலை கொடுத்துட்டு, அப்புறமா பச்சை பூசுங்க. பூசின பிறகு வளைச்சா பெயின்ட் வெடிக்கும்.