மறு: பிளாங்க் செல்லுக்கு ஒரே சொல் போதுமா?

> விரிதாள் மென்பொருளின் தமிழாக்கத்தில் 'பிளாங்க்' வருகிற இடத்திலெல்லாம் 'வெற்றுக்கலம்' என்றே போட்டுவிடலாம். ஒரே சொல்லாக இருந்தால் குழப்பம் வராது.

வணக்கம் ஐயா. இங்கே அந்த ஒரே சொல்லால்தான் குழப்பம். எக்செல்லில் ஏ1 கலத்தில் எதையும் தட்டாமல் விடுங்கள். ஏ2-இல் ="" என்று உள்ளிடுங்கள். இந்தச் சூத்திரம் தருவது வெற்றுச்சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத எழுத்துத்தொடர். பார்வைக்கு இரண்டும் காலி. கலம் காலியா என்று பார்க்கும் இஸ்பிளாங்க் சார்பு ஏ1-க்கு 'சரி' என்கிறது, ஏ2-க்கு 'தவறு' என்கிறது. கவுண்ட்பிளாங்க் சார்போ இரண்டையும் சேர்த்து 2 என்று எண்ணுகிறது. பெயரில் ஒரே 'பிளாங்க்', பொருள் வேறு வேறு. கணக்கிலும் அப்படித்தான்: ஏ1+1 என்றால் 1 வரும், ஏ2+1 என்றால் மதிப்புப் பிழை வரும். ஓடிஎஃப் 1.2 (அலுவலக ஆவணங்களுக்கான திறந்த கோப்பு வடிவம்) வரையறையும், வெற்றுச்சரம் தருகிற கலத்தைக் கவுண்ட்பிளாங்க் எண்ணுவதா வேண்டாமா என்பதை மென்பொருளின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: எதுவுமே இடாத கலம் 'வெறுங்கலம்'. எழுத்தே இல்லாத சரம் 'வெற்றுச்சரம்'. வெறுங்கை, வெறும்வயிறு என்று நாம் சொல்வது உள்ளே ஒன்றும் இல்லாததைத்தானே. கலம் என்றாலே பாத்திரம் என்பதால் 'வெறுங்கலம்' காதுக்கும் இயல்பாக இருக்கிறது.

முந்தைய மடலில் வந்த 'சுழியக்கலம்' மட்டும் வேண்டவே வேண்டாம். மதிப்பெண் பட்டியலில் 80, 60 இருக்கின்றன, மூன்றாவது மாணவர் தேர்வுக்கே வரவில்லை. அந்தக் கலத்தை விட்டுவிட்டால் சராசரி காணும் ஆவரேஜ் சார்பு 70 தரும். 0 என்று இட்டால் 46.67 ஆகிவிடும். எழுதாதவரையும் எழுதிச் சுழியம் வாங்கியவரையும் ஒன்றாக்கும் சொல் ஆசிரியர்களுக்கு உதவாது. சிக்கல் என்னவென்றால், கூட்டல் குறி போட்டு மூன்றால் வகுத்தால் வெறுங்கலமும் 0 ஆகவே கொள்ளப்பட்டு அதே 46.67 வந்து நிற்கும். பெருக்கலும் இப்படித்தான்: 5-ஐ வெறுங்கலத்தோடு பெருக்கல் குறியால் பெருக்கினால் 0, புராடக்ட் சார்பில் கொடுத்தால் 5. உதவிப் பக்கங்களில் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

---

> எதுவுமே இடாத கலம் 'வெறுங்கலம்'. எழுத்தே இல்லாத சரம் 'வெற்றுச்சரம்'.

வணக்கம். பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் வெறும், வெற்று இரண்டும் ஒரே வேர். புதிதாகப் படிக்கிற பிள்ளை இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும். முதலாவதை 'உள்ளீடற்ற கலம்' என்றால் என்ன? விளக்கமே வேண்டாம்.

---

அம்மா, நல்ல யோசனை. ஒரு தடைதான்: ="" என்று தட்டுவதும் உள்ளீடுதான், ஆனால் சூத்திரம் போட்டவருக்கு அது நினைவிருக்கும், அடுத்து அந்தத் தாளைத் திறப்பவருக்கு இருக்காது. அவர் கண்ணுக்கு ஏ2-உம் உள்ளீடற்றதாகவே தெரியும். அதனால் மென்பொருளின் பட்டியில் (மெனு) 'வெறுங்கலம்' இருக்கட்டும். உதவிப் பக்கத்தில் முதல்முறை வரும்போது 'எதுவும் உள்ளிடாத கலம்' என்று விரித்து எழுதிவிடலாம்.

கவுண்ட்பிளாங்க் விளக்கத்தை 'வெறுங்கலங்களையும் வெற்றுச்சரம் உள்ள கலங்களையும் எண்ணும்' என்று மாற்றியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் பொய்யில்லை. லிப்ரெஆஃபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருளின் அமைப்புகளில் உள்ள ஒரு வரியை 'வெற்றுச்சரத்தைச் சுழியமாகக் கொள்' என்று வைத்திருக்கிறேன். 'கொள்' சரியா, 'கருது' சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.