அப்பாயியின் எம்ஆர்ஐ-க்குக் கம்ப்யூட்டர் போட்ட '4ஆவது பெர்சன்டைல்', நம்பலாமா?

கொட்டகலை_மழை:
வணக்கம். அப்பாயிக்கு 74 வயது, காலம் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். ஒரு வருடமாக ஞாபகம் சரியில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் இன்னும் சோறு தரவில்லையே என்கிறார், போன கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வேறு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். கண்டிக்குக் கூட்டிப் போய்த் தனியாரில் எம்ஆர்ஐ எடுத்தோம். 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். கொழும்பில் இருக்கும் மாமா மகன் அந்த சீடியை ஏதோ ஒரு ஏஐ மென்பொருளில் ஏற்றி, கலர் கலராக ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறான். ஹிப்போகாம்பஸ் (ஞாபகத்துக்கான மூளைப் பகுதியாம்) மஞ்சளில் தெரிகிறது, பக்கத்தில் ஒரு வரைபடம், வழக்கமான அளவைக் காட்டும் சாம்பல் பட்டைக்குக் கீழே சிவப்புப் புள்ளி, '4ஆவது பெர்சன்டைல்'. வீட்டில் எல்லாரும் அல்சைமர்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். டொக்டர் பார்க்காததைக் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டதா?

ஸ்கேன்_அறை:
தம்பி, அந்த எண்ணுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: அப்பாயி வயதில் நோயில்லாத 100 பேரை ஹிப்போகாம்பஸ் அளவுப்படி வரிசையில் நிறுத்தினால், அவரைவிடச் சிறியதாக இருப்பது நாலு பேருக்குத்தான். சுகமாக இருப்பவர்களிலும் யாராவது அந்தக் கடைசியில் நிற்கத்தானே வேண்டும்? அது ஓர் அளவு, நோயின் பெயர் இல்லை.

அதைவிட, சீடியில் எந்தப் படம் இருந்தது என்று பாருங்கள். இந்த மென்பொருள்களுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் கனத்தில் இடைவெளியில்லாமல் எடுத்த 'டீ1' என்கிற வகை முப்பரிமாண எம்ஆர்ஐ படம் வேண்டும். வழக்கமாக எடுப்பது 5 மில்லிமீட்டர் துண்டுகள், நடுவில் இடைவெளி வேறு. ஹிப்போகாம்பஸ் ஒரு பக்கத்துக்கு மூன்று கன சென்டிமீட்டர் சொச்சம்தான், அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று அந்தத் துண்டுகளில் மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும். அப்புறம், அப்பாயி உள்ளே ஆடாமல் படுத்திருந்தாரா? அந்தச் சத்தத்தில் வயதானவர்கள் தலையை அசைப்பார்கள். படம் லேசாகக் கலங்கினாலும் மூளையின் சாம்பல்நிறப் பகுதி உள்ளதைவிடக் குறைவாகக் கணக்காகும்.

(சீடியில் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். கண்ட இடத்தில் ஏற்ற வேண்டாம் என்று மாமா மகனிடம் சொல்லுங்கள்.)

பேராதனை_ஈ:
அந்த 100 பேர் யார் என்றும் கேட்க வேண்டும். இந்தத் துறையில் அதிகம் புழங்கும் தரவு, 2004இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் திரட்டிய ஏடிஎன்ஐ. அதில் பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள், நிறையப் படித்தவர்கள். சின்ன வயதிலேயே மலைக்குப் போன ஒரு தோட்டத்துப் பெண்ணை அவர்களோடு நிறுத்தினால் என்ன வரும்? தலை அளவுக்குத் திருத்தம் போடுவார்கள்தான், வாழ்ந்த வாழ்க்கைக்கு யார் திருத்தம் போடுவது.

அல்சைமரைக் கண்டுபிடிப்பதில் ஏஐ '99 சதவீதம் துல்லியம்' என்று வரும் கட்டுரைகளையும் அப்படியே விழுங்காதீர்கள். ஒரே நோயாளியின் படத்துண்டுகளில் சிலதைக் கணினிக்குக் கற்பிக்கவும் மிச்சத்தைச் சோதிக்கவும் பயன்படுத்தினால், கணினி ஆளை அடையாளம் கண்டுகொண்டு நோயைக் கண்டதாகப் பேர் வாங்கிவிடும். 2020இல் வந்த ஒரு மதிப்பாய்வு, இந்த மாதிரிக் கசிவு பல கட்டுரைகளில் இருந்திருக்கலாம் என்று காட்டியது.

பண்டாரவளை_அக்கா:
எல்லாரும் கம்ப்யூட்டரையே திட்டுகிறீர்கள். 'வயதுக்கேற்ற சுருக்கம்' என்ற ஒற்றை வரி மட்டும் என்ன பதில்? சொந்த லயம் தெரியாமல் போவது வயது இல்லை. தம்பி, பி12, தைரொய்ட் இரண்டும் பார்த்தார்களா? என் மாமியாருக்குத் தைரொய்ட் குறைந்துதான் அந்த மந்தம், மாத்திரை தொடங்கியதும் தெளிந்தார். மனச்சோர்வும் மறதி மாதிரியே காட்டும். கால் தரையில் ஒட்டியது போல நடக்கிறாரா, சிறுநீர் அடக்க முடியவில்லையா என்றும் கவனியுங்கள். மூளைக்குள் நீர் தேங்கினாலும் அப்படி வரும், அதற்குச் சிகிச்சை உண்டு.

கிளினிக்கில் கடிகாரம் வரை, எண்ணையும் எழுத்தையும் கோட்டால் இணை என்பார்கள். மோக்கா என்கிற அந்த ஞாபகச் சோதனையில் 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்குச் சேர்த்துக் கொடுப்பதே ஒரு புள்ளிதான். பள்ளிக்கூடம் பார்க்காதவருக்கு அது எந்த மூலைக்கு? முன்பு என்ன செய்தார், இப்போது எது முடியவில்லை என்று நீங்களே எழுதிக் கொண்டு போங்கள்.

கொட்டகலை_மழை:
நன்றி அக்கா. ரத்தம் எதுவும் பார்க்கவில்லை. நடை நன்றாகத்தான் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அரைக் கிலோ குறைத்தாலும் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிறவர், இப்போது கடையில் மிச்சக் காசை எண்ணாமல் வாங்கி வருகிறார். இதையெல்லாம் எழுதலாமா? முன்பு வழுக்கி விழுந்தபோது எடுத்த சிடி ஸ்கேன் ஃபிலிமும் பெட்டியில் இருக்கிறது.

ஸ்கேன்_அறை:
மிச்சக் காசு விஷயத்தை முதல் வரியாகவே எழுதுங்கள். சிடி ஃபிலிமை அந்த மென்பொருளில் போட முடியாது, ஆனால் நரம்பியல் டொக்டர் அதையும் எம்ஆர்ஐ-யையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்ப்பார். வயதானால் ஹிப்போகாம்பஸ் வருடத்துக்கு ஒரு சதவீதம் போலச் சுருங்கும், அல்சைமரில் மூன்று முதல் ஐந்து வரை போகும். அதனால் இன்னொரு எம்ஆர்ஐ சொன்னால் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். மெஷின் மாறினால் அளவும் மாறும். ஃபிலிமைச் சுருட்டி எடுத்துப் போகாதீர்கள், கோடு விழும்.