மீன் தொட்டிக்கு கரண்ட் செலவக் குறைக்கிறது எப்பிடி?

வணக்கம் எல்லாருக்கும், நான் கல்லடிப் பக்கம். வீட்ட 3 அடித் தொட்டி ஒண்டு இரிக்கி, ஏஞ்சலும் கப்பியும் கொஞ்சம். பில் 60 யூனிட்டத் தாண்டினா கணக்கே வேற மாதிரிப் போகுதுதானே, அதால வீட்டுக்காரிட கண் இப்ப தொட்டில விழுந்திட்டு.

கணக்குப் பாத்தன். பில்டர் 25 வாட்ஸ், 24 மணித்தியாலமும் ஓடுது, மாசம் 18 யூனிட். லைட் 30 வாட்ஸ் 10 மணித்தியாலம், அது 9 யூனிட். காத்து மோட்டர் 5 வாட்ஸ். எல்லாம் சேத்தா 30 யூனிட்டத் தாண்டுது! லைட்ட 6 மணித்தியாலமாக் குறைச்சு டைமர் போடலாம், செடி தாங்கும் எண்டு நினைக்கிறன், பாசியும் குறையும்.

பிரச்சின பில்டர்தான். ராவைக்கு நிப்பாட்டச் சொல்றாங்க, ஆனா தண்ணி ஓடாட்டி உள்ளுக்க இரிக்கிற நல்ல பக்டீரியா ஒக்சிசன் இல்லாம செத்திரும், பிறகு அமோனியா ஏறி மீன் போயிரும். அதால அது வேணாம்.

ஸ்பொஞ்ச் பில்டர் ரெண்டப் போட்டு காத்து மோட்டரால மட்டும் ஓட்டினா இந்தத் தொட்டிக்குக் காணுமா? ஆராச்சும் அப்பிடி வெச்சிரிக்கீங்களா? சின்ன சோலார் பெனலும் பெட்டரியும் போட்டு ஓட்டுற ஆக்கள் இருந்தா அதையும் சொல்லுங்க, மாரில வெயில் இல்லாத நாளைக்கு என்ன செய்றீங்க?

ஹீட்டர் வாங்கச் சொல்லாதீங்க, மட்டக்களப்பு வெக்கைக்கு மீனுக்கு ஃபேன்தான் தேவ.