இலேசான லினக்ஸ் டெஸ்க்டாப்: எந்தக் கேள்வி உங்களுக்கு வழி திறந்தது?

எலிவால்:
எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி மாதிரி இலேசான டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கான இழை இது. கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) கம்பைல் செய்த வீரக்கதைகள் வேண்டாம். சத்தம் வரவில்லை, மெனு, கடிகாரம் இருக்கும் பட்டையான பேனலைக் காணோம், மூடியைத் திறந்தால் திரை இருட்டு, இந்த ரகம் போதும். கோளாறு என்ன என்பதோடு, உதவ வந்தவர் என்ன கேட்டதும் முடிச்சு அவிழ்ந்தது என்பதையும் எழுதுங்கள். எனக்கு அதுதான் சுவாரசியம்.

முதலில் என்னுடையது. ஒருநாள் லாகின் செய்தால் எந்த ஜன்னலுக்கும் தலைப்புப் பட்டை இல்லை. மூடப் பொத்தான் இல்லை, நகர்த்த வழியில்லை, திறப்பதெல்லாம் இடது மேல்மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகிறது. "டெஸ்க்டாப்பே போச்சு, என்ன செய்ய?" என்று கேட்டேன். பதில் சொன்னவர் திருப்பிக் கேட்டார்: பேனல் தெரிகிறதா? பின்னணிப் படம் தெரிகிறதா? வெற்றிடத்தில் வலது கிளிக் செய்தால் மெனு வருகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். "அப்போ டெஸ்க்டாப் போகலை. எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 மட்டும் ஓடலை" என்றார்.

அதாவது பேனல் என்பது ஒரு நிரல். பின்னணிப் படத்தையும் ஐகான்களையும் காட்டுவது எக்ஸ்எஃப்டெஸ்க்டாப் என்ற இன்னொன்று. ஜன்னலுக்குச் சட்டம் போட்டு, நகர்த்தி, மூடுவது எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4. கோப்பு மேலாளர் துனார். ஒன்று விழுந்தாலும் மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விசைப்பலகை எந்த ஜன்னலிலும் எழுத மறுத்ததால், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, கட்டளை மட்டும் அடிக்கும் உரைத்திரைக்குப் போகச் சொன்னார். அங்கே லாகின் செய்து, எந்தத் திரைக்கு என்று டிஸ்ப்ளே எண்ணையும் குறிப்பிட்டு எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4-ஐ ஓடவிட்டதும், பட்டைகள் எல்லாம் திரும்பி வந்தன.

மறுபடி லாகின் செய்தால் மறுபடி அதே கோலம்! காரணம், வெளியேறும்போது அமர்வைச் சேமிக்கும் வசதி. அந்த நேரத்தில் என்னென்ன ஓடுகிறதோ அதைத்தான் அது குறித்து வைக்கும். ஜன்னல் மேலாளர் விழுந்துகிடந்த நிலையையே நல்ல நிலை என்று எழுதி வைத்திருந்தது. வீட்டு அடைவில் மறைவாக இருக்கும் கேஷ் ஃபோல்டருக்குள் செஷன்ஸ் என்று ஒன்று உண்டு. அதிலுள்ள பழைய கோப்புகளை எடுத்தபிறகுதான் விட்டது.

மூன்றாம் பெஞ்சு:
அருமை தல. எனக்கு சவுண்டு. டிவியில ஹெச்டிஎம்ஐ கேபிள் சொருகி ஒரு படம் பார்த்தேன், கழட்டினேன், அதோட லேப்டாப் ஸ்பீக்கர் ஊமை. வால்யூம் நூறுல இருக்கு, மியூட்டும் இல்லை. டிரைவரை மறுபடி போடலாமா, சிஸ்டத்தையே மறுபடி போடலாமான்னு யோசிச்சிட்டிருந்தேன்.

ஒரு அக்கா கேட்டாங்க: "பாவுகன்ட்ரோல்ங்கிற சவுண்டு மிக்ஸரைத் திறந்து, பாட்டை ஓடவிட்டு, ப்ளேபேக் பக்கத்துல பட்டை துள்ளுதான்னு பாருங்க." துள்ளுது. "அப்போ பாட்டு ஓடுது, சத்தமும் உற்பத்தி ஆகுது, வேற எங்கயோ போகுது"ன்னாங்க. கடைசிப் பக்கம் கான்ஃபிகரேஷன். அங்க சவுண்டு கார்டோட ப்ரொஃபைல் (சத்தம் எந்த வழியா போகணும்ங்கிற அமைப்பு) இன்னும் ஹெச்டிஎம்ஐ-ன்னே நிக்குது. அதை அனலாக் ஸ்டீரியோன்னு மாத்தினதும் சத்தம் வந்திடுச்சு.

பட்டை துள்ளலைன்னா கதையே வேற, அந்தப் பாட்டு போடுற நிரலைத்தான் பார்க்கணும்னும் சொன்னாங்க. என் மெஷின்ல சத்தத்தைக் கையாளுற சேவை பல்ஸ்ஆடியோ இல்லை, பைப்வயர்தான். ஆனாலும் பாவுகன்ட்ரோல் அப்படியே வேலை செய்யுது, ஏன்னா பைப்வயர் பல்ஸ்ஆடியோ மாதிரியே பேசத் தெரிஞ்சு வச்சிருக்கு.

புதுவரவு:
ஜன்னல் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கவே முடியவில்லை. முடி மாதிரி மெல்லிசாக இருக்கிறது. இதெல்லாம் கேட்கலாமா?

முனையவாசி:
இதைக் கேட்காதவர் இல்லை. ஓரத்தை விட்டுவிடுங்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு ஜன்னலுக்குள் எங்கே வேண்டுமானாலும் வலது பொத்தானால் இழுங்கள், அளவு மாறும். இடது பொத்தானால் இழுத்தால் நகரும். ஆல்ட் வேறு மென்பொருளோடு மோதினால் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ் என்ற அமைப்பில் வேறு விசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

புதுவரவு:
அடடா. இத்தனை நாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரத்தைத் தேடினேனே.

சாய்வுநாற்காலி:
வணக்கம். நான் ஓய்வு பெற்றவன், கணினி எனக்குப் பொழுதுபோக்கு. என் மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிட்டுப் பிறகு திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கும். விசிறி சுற்றும், விளக்கு எரியும், படம் வராது. மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழி தெரியாது. வன்பொருள் பழுது என்றே பலரும் சொன்னார்கள். ஒருவர் புது இயந்திரம் வாங்குங்கள் என்றும் யோசனை சொன்னார், அது மிகவும் சுலபமான யோசனை.

என் மகள் வயதுள்ள ஒருவர்தான் பொறுமையாகக் கேட்டார்: "ஐயா, கறுப்பாக இருக்கும்போது கேப்ஸ்லாக் அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா?" மாறியது. "அப்படியென்றால் கணினி விழித்துவிட்டது, திரை மட்டும்தான் வரவில்லை. இப்போது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்துங்கள். பிறகு அதேபோல் எஃப்8." எஃப்8-இல் கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றிவிட்டது. எனக்கு ஒரே வியப்பு.

அவர் விளக்கியது இது. எங்கள் கணினியில் திரையைப் பூட்டும் வேலையை லைட்லாக்கர் என்ற நிரல் செய்கிறது. அது தானே பூட்டுத்திரை வரைவதில்லை. லைட்டிஎம் என்னும் நுழைவுத்திரையை இன்னொரு மெய்நிகர் முனையத்தில் (கண்ட்ரோல், ஆல்ட், எஃப் விசைகளால் மாறும் தனித் திரை) திறந்து, நம்மை அங்கே மாற்றிவிடுகிறது. சில வரைகலை டிரைவர்களில், தூங்கி எழும் நேரத்தில் இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. அவர் சொன்னபடி லைட்லாக்கரை நீக்கிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ4-ஸ்கிரீன்சேவரை நிறுவினேன். அது நம் அமர்வுக்குள்ளேயே பூட்டுகிறது, முனையம் தாவுவதில்லை. இரண்டையும் ஒருசேர வைத்திருக்கக் கூடாது என்று எச்சரித்தார். அதன் பிறகு தொல்லை இல்லை.

கேப்ஸ்லாக் விளக்கைக் கேட்ட அந்தக் கேள்வியை இப்போது நானும் மற்றவர்களிடம் கேட்கிறேன்.

எலிவால்:
ஐயா, அதுவும் மாறவில்லை என்றால்?

சாய்வுநாற்காலி:
அப்போது கணினி விழிக்கவே இல்லை. அது கர்னல், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) பக்கத்து விவகாரம், பூட்டு நிரலை மாற்றிப் பயனில்லை என்று சொன்னார். முந்தைய தொடக்கத்தின் பதிவுகளை ஜர்னல்கன்ட்ரோல் கட்டளையால் பார்க்க வேண்டுமாம். நல்லவேளை, எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

அரைக்கண்:
எல்லோரும் நல்லவர்களைச் சந்தித்திருக்கிறீர்கள். எனக்குக் கிடைத்த முதல் பதில் "மேன் பக்கத்தைப் படி". அவ்வளவுதான், எந்தக் கட்டளையின் மேன் பக்கம் (கையேடு) என்றுகூட இல்லை. கோபம் வந்ததா, வந்தது. வைஃபை வேலை செய்யவில்லை என்பவன் மேன் பக்கத்தில் எதைத் தேடுவான்?

இரண்டாவதாக வந்தவர் இரண்டு கட்டளைகளின் வெளியீட்டை மட்டும் கேட்டார். வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ-யை என்என்கே என்ற விருப்பத்தோடு ஓட்டச் சொன்னார். அதில் வைஃபை கார்டின் வரியில், நடுவில் முக்காற்புள்ளியோடு நான்கு நான்கு எழுத்தாக ஓர் அடையாள எண் வரும். அட்டைப்பெட்டியில் எந்த மாடல் பெயர் இருந்தாலும் உள்ளே உண்மையில் எந்தச் சிப் என்பதை அந்த எண்தான் சொல்லும். கீழேயே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரியும் வரும். எனக்கு டிரைவர் வரி ஒழுங்காக இருந்தது. அடுத்து, வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் லிஸ்ட். அதில் மென்தடை (மென்பொருள் அணைத்தது) இல்லை, வன்தடை ஆமாம் என்று காட்டியது. வன்தடை என்றால் எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது, பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சோ விசைப்பலகையின் விமானப் பொத்தானோதான் காரணம். சுவிட்ச் ஓரத்தில் இருந்தது. பையில் வைக்கும்போது நகர்ந்திருக்கிறது.

முனையவாசி:
அரைக்கண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பதில் சொல்கிற பக்கத்து ஆள். "வைஃபை வரலை, ஹெல்ப்" என்று மட்டும் வரும்போது, கை தானாகவே அடுத்த கேள்விக்குப் போய்விடும். திமிர் இல்லை, பிடிக்க நூல் இல்லை. கணினியின் விவரங்களைத் திரட்டித் தரும் இன்க்சி என்ற நிரலை எஃப், எக்ஸ், இசட் விருப்பங்களோடு ஓட்டி, அதன் வெளியீட்டைப் படமாக இல்லாமல் எழுத்தாக ஒட்டுங்கள். இசட் முக்கியம். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் தனி எண்), வரிசை எண், ஐபி முகவரி போன்றவற்றை அது மறைத்துவிடும். அதைப் போடாமல் ஒட்டி, பிறகு பதறி அழிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

செல்பேசியில் சாய்வாகப் பிடித்த டெர்மினல் படத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள். உரைத்திரையில் மாட்டியிருந்தால் வேறு வழியில்லை, அப்போது பரவாயில்லை.

இன்னொன்று, புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் அமைப்புக் கோப்புதான் காரணம், சிஸ்டம் நன்றாக இருக்கிறது. அங்கேயும் இருந்தால் வீட்டு அடைவை மேய்வது வீண். பாதி தேடலை இது மிச்சப்படுத்தும். ஆனாலும் நான் சொல்கிறவர்களில் பாதிப்பேர் செய்வதில்லை, அலுப்பு.

மூன்றாம் பெஞ்சு:
பேனல் கலைஞ்சு போனப்போ நான் அதைச் செஞ்சேன். புது யூசர்ல பேனல் கச்சிதம். சரி, என் கான்ஃபிக் கோப்புதான்னு தூக்கினேன். மறுபடி நுழைஞ்சா பழைய கலைஞ்ச பேனலே வந்து நிக்குது! பேய் மாதிரி.

முனையவாசி:
பேய் இல்லை, எக்ஸ்கான்ஃப்டி. எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளை நினைவகத்தில் வைத்திருந்து, கோப்புக்கு எழுதும் சேவை அது. நீங்கள் உள்ளே இருக்கும்போதே கோப்பை எடுத்தால் கையில் இருக்கும் பழையதையே திரும்ப எழுதிவிடும். வரைகலை அமர்விலிருந்து வெளியேறி, உரைத்திரையில் நுழைந்து, பேனல் அமைப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், பழையதில் ஏதாவது தேவைப்படலாம்.

தாழ்வாரம்:
கடவுச்சொல் சரி, அடித்தால் ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி லாகின் திரைக்கே வந்து நிற்கும். என் தம்பி கேட்டான்: "தப்பான பாஸ்வேர்டு வேணும்னே போட்டுப் பாரு, ஏதாவது திட்டுதா?" திட்டியது. "அப்போ சரியானதை ஏத்துக்குது, உள்ளே போனப்புறம்தான் தள்ளி விடுது" என்றான். உரைத்திரையில் நுழைந்து டிஎஃப் கட்டளை போட்டால் வட்டு நூறு சதவீதம் நிறைந்திருக்கிறது. வரைகலை அமர்வு தொடங்க சின்னச் சின்னக் கோப்புகள் எழுத வேண்டும், இடம் இல்லாததால் அப்படியே செத்துப்போகிறது. குப்பைத்தொட்டியும், வீட்டு அடைவில் மறைந்திருக்கும் எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற பிழைப் பதிவுக் கோப்பும்தான் இடத்தை அடைத்திருந்தன. ஏதோ ஒரு நிரல் நொடிக்கு நொடி ஒரே எச்சரிக்கையை அதில் எழுதிக்கொண்டிருந்தது. அதைக் காலி செய்வதற்கு முன் கடைசி வரிகளைப் படியுங்கள், எந்த நிரல் என்று அதிலேயே பெயர் இருக்கும்.

வட்டில் இடம் இருந்தும் இதே கோளாறு வந்தால், வரைகலைத் திரைக்கு அனுமதி தரும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைவுக் கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சுடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, வரைகலை நிரலை ஓட்டினால் அது சில நேரம் ரூட் (நிர்வாகி) பெயருக்குப் போய்விடும்.

அரைக்கண்:
பழைய பதில்களைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் எக்ஸ்எஃப்சிஇ 4.12 காலத்தது. அது 2015 பிப்ரவரியில் வந்தது. அடுத்த 4.14 வந்ததோ 2019 ஆகஸ்டில். அந்த இடைவெளி முழுவதும் ஜன்னல், பொத்தான்களை வரையும் நூலகமான ஜிடிகே2-ஐ நம்பி எழுதிய பதில்கள். 4.14-இல் எல்லாம் ஜிடிகே3-க்கு மாறிவிட்டது. பேனல் நிறத்தை மாற்ற ஜிடிகேஆர்சி கோப்பில் இதைச் சேர் என்று யாரோ எழுதியதை இன்றைக்குச் சேர்த்தால் ஒன்றும் நடக்காது, பிழைச்செய்திகூட வராது. பதிப்பு எண்ணைப் பார்க்காமல் கட்டளையை ஒட்டாதீர்கள். 4.20-இல், எக்ஸ் என்ற பழைய திரை அமைப்புக்கு மாற்றான வேலேண்டுக்குச் சோதனை நிலையில் ஆதரவு வந்திருக்கிறது, அதில் நுழைகிறவர்களுக்கு எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 பற்றிய பதில்களும் செல்லாது. அங்கே ஜன்னல் மேலாளர் லேப்டபிள்யூசி மாதிரி வேறொன்று.

சாய்வுநாற்காலி:
தமிழ் தட்டச்சு பற்றி ஒரு சந்தேகம். தட்டச்சு நிரலான ஐபஸ் நிறுவி, எம்17என் என்ற தொகுப்பு வழியாகத் தமிழ்99 விசைப்பலகை சேர்த்தேன். உலாவியில் தமிழ் வருகிறது. சில மென்பொருள்களில் ஆங்கிலமே வருகிறது.

தாழ்வாரம்:
ஐயா, தமிழ் வராதவை, ஜிடிகே போன்ற இன்னொரு நூலகமான க்யூட்டியில் எழுதியவையா என்று பாருங்கள். ஜிடிகே-க்கு ஒரு சூழல் மாறி (நிரல் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு), க்யூட்டிக்கு இன்னொன்று, பழைய எக்ஸ் நிரல்களுக்கு மூன்றாவது. மூன்றும் ஐபஸ் என்று சொல்ல வேண்டும். உங்கள் லினக்ஸ் டெபியன் வழி வந்தது என்றால் ஐஎம்-கான்ஃபிக் என்ற நிரலில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள், அதுவே மூன்றையும் எழுதிவிடும். வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் தெரியும். ஐபஸ் தானாகத் தொடங்குகிறதா என்பதையும் செஷன் அண்ட் ஸ்டார்ட்அப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்வுநாற்காலி:
வராதது விஎல்சி. அது க்யூட்டி என்று இப்போது தேடித் தெரிந்துகொண்டேன். ஐஎம்-கான்ஃபிக் ஓட்டிவிட்டேன், வெளியேறி வருகிறேன்.

புதுவரவு:
ஐயா வருவதற்குள் நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். வீடியோ ஓடும்போது படம் நடுவில் குறுக்கே கிழிந்த மாதிரி தெரிகிறது. எதை ஒட்டட்டும்?

முனையவாசி:
இன்க்சி வெளியீடு, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கூடவே, விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் கம்பாசிட்டர் (ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் பகுதி) பக்கத்தில் டிக் இருக்கிறதா, இல்லையா?